வலியுல்லா தேரை

திங்கட்கிழமை காலை, பேப்பரை விரித்துவைத்துக்கொண்டு இன்றைக்கு யாரைத் திட்டலாம் என்று தேடிக்கொண்டிருந்தபோது வலியுல்லாவின் மகள் சாய்மா போன் பண்ணினாள்.

"சார், வெள்ளிக்கிழமை எங்க காலேஜ்ல செமினார். சீஃப் கெஸ்ட்டா யாரைக் கூப்பிடலாம்னு மேம் கேட்டாங்க. நான் உங்க பேரைச் சொல்லிட்டேன். வருவீங்கல்ல?"

ரிட்டையர் ஆன பேராசிரியன் காதில் 'சீஃப் கெஸ்ட்' என்ற வார்த்தை விழுந்தால் போதும், பல் விழுந்த வாயும் தானாகச் சிரிக்கும். நானும் கொஞ்சம் கிராக்கி பண்ணிவிட்டு, "சரி, நீ கேக்கறே, வரேன்" என்றேன்.

"நானும் பேசறேன் சார். தலைப்பு என்ன தெரியுமா? 'எங்க அத்தாவின் தேரை'. அதைப் பத்தி நீங்க எழுதின ஆராய்ச்சிப் பேப்பரை மட்டும் அனுப்பிடுங்க சார். நெட்ல உங்க பேப்பர் எதைத் தொறந்தாலும் காசு கேக்குது. அத்தா பேரு வர்ற பக்கத்தை ஸ்லைட்ல பெருசாப் போடணும்."

"லைன் சரியா இல்லம்மா" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

அந்தப் பக்கத்தில் அவள் அத்தாவின் பெயர் இல்லை. எந்தப் பக்கத்திலும் இல்லை. அது அவளுக்கும் தெரியாது, அவள் அத்தாவுக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள்.

என் பெயர் ஸ்ரீனிவாசராகவன். முப்பது வருஷம் விலங்கியல் பாடம் நடத்தினேன். தவளையும் தேரையும்தான் என் ஆராய்ச்சி. மாணவர்கள் என் முதுகுக்குப் பின்னால் 'தேரை வாத்தியார்' என்பார்கள். முன்னால் சொல்ல ஒருத்தனுக்கும் தைரியம் கிடையாது, என் கோபம் அப்படி. அடுத்தவன் செய்யும் தப்பைக் கண்டால் எனக்கு ஆகவே ஆகாது. இதை எழுதும்போதே கூசுகிறது.

சாய்மாவின் அத்தா வலியுல்லா. எங்கள் துறை எந்தக் காட்டுக்குப் போனாலும் இருபத்திரண்டு வருஷமாக வண்டி ஓட்டியவன் அவன்தான். வீடு மயிலாப்பூரில், கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில். நான் ராஜா அண்ணாமலைபுரம். விடிகாலையில் வண்டியைக் கொண்டுவந்து என் வாசலில் நிறுத்தி, ஹாரன் அடிக்காமல் போனில் ஒரு மிஸ்டு கால் கொடுப்பான். நான் முன் சீட்டில் ஏறிக்கொள்வேன். அவன் பேச்சு அங்கே ஆரம்பித்தால் மலையடிவாரம் வரைக்கும் ஓயாது.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு ஜூன் மாதம் ஆனைமலைப் பக்கம் போயிருந்தோம். கூட வந்த இரண்டு மாணவர்களும் காய்ச்சல் என்று விடுதியிலேயே இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார்கள். மாலை ஐந்து மணி, ஊற்றுகிற மழை. எனக்குக் காலில் பதினோரு அட்டை கடித்திருந்தது. எண்ணிப் பார்த்தேன். 'போதும்டா சாமி' என்று உப்புப் பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டிக்குள் காலைத் தூக்கிவைத்து உட்கார்ந்துவிட்டேன். ரேடியேட்டருக்குத் தண்ணீர் பிடிக்க வலியுல்லா ஓடைக்குப் போனான். திரும்பிவந்தபோது கேனில் தண்ணீர் இல்லை. அவனுடைய எவர்சில்வர் டிபன் பாக்ஸை இரண்டு கையாலும் மூடிப் பிடித்திருந்தான்.

"சார், இன்னா சார் இது, கட்டைவிரல் நகம் சைஸுல கீது! பாறையில ஒட்டிக்கினு இருந்துச்சு. வவுத்தப் பாருங்க, கேசரி பவுடர் கொட்டினாப்ல."

மூடியைத் திறந்து பார்த்தேன். ஒரு தேரை. உங்கள் வீட்டுக் கொல்லையில் மழைக்காலத்தில் வந்து குந்தியிருக்கும் தடித்தடியான தேரை அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டில், ஓடையோர ஈரப் பாறையைத் தவிர வேறெங்கும் வாழத் தெரியாத குட்டித் தேரைப் பேரினம் ஒன்று உண்டு. கேட்டோஃப்ரைனி என்று பெயர். இந்தப் பெயரை எத்தனை தடவை சொல்லிக்கொடுத்தாலும் வலியுல்லா 'காட்டு பிரியாணி' என்றுதான் சொல்வான். அந்தப் பேரினத்தில் அதுவரை எழுதப்பட்டிருந்தவை எல்லாம் எனக்கு மனப்பாடம். இந்த வயிறு அவற்றில் எதற்கும் கிடையாது. விரல்களைப் பார்த்தேன், தோலைப் பார்த்தேன், மூக்கு நுனியைப் பார்த்தேன்.

"வலியுல்லா, புதுசுப்பா இது! உலகத்துல ஒருத்தன் கண்ணுலயும் பட்டதில்ல!"

"என் கண்ணுல பட்டுச்சே சார்."

"பட்டுதுதான். அதனால இதுக்கு உன் பேரையே வெச்சுடறேன். சத்தியமா."

அவன் வண்டியைக் கிளப்பினான். மூன்று கொண்டை ஊசி வளைவு வரை வாயைத் திறக்கவில்லை. வலியுல்லா அவ்வளவு நேரம் சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லை. அப்புறம் கேட்டான்: "நெசமாவா சார்? நான் ஓட்ற வண்டி பின்னாடி கூட ஓனர் பசங்க பேருதான் கீது."

எங்கள் தொழிலில் சில சட்டங்கள் உண்டு. புதிதாக ஒன்றைக் கண்டு எழுதுகிறவன் அதற்குப் பெயர் வைக்கலாம். தன் பெயரையே வைத்துக்கொள்வது அசிங்கம், யாரும் செய்வதில்லை. பெயர் ஒருமுறை முறைப்படி அச்சில் வந்துவிட்டால் வந்ததுதான். மனசு மாறிவிட்டது, தப்புப் பண்ணிவிட்டேன் என்று வைத்தவனே காலில் விழுந்தாலும் மாற்ற முடியாது. இன்னொரு சட்டமும் இருக்கிறது, சீட்டைப் பற்றியது. பாட்டிலில் போடும் ஒவ்வொரு உடலின் காலிலும் நூலால் ஒரு சின்னச் சீட்டைக் கட்டுவோம். யார் கண்டார்கள், எங்கே, எப்போது. "பேரு அப்புறம் மெதுவா வரும். சீட்டுல பொய் இருந்தா பாட்டில்ல இருக்கறது வெறும் செத்த தேரை" என்று முப்பது வருஷம் மேஜையைத் தட்டித் தட்டிக் கத்தியிருக்கிறேன். சீட்டைத் தப்பாக எழுதிய ஒரு பெண்ணை வகுப்பை விட்டே வெளியே அனுப்பியிருக்கிறேன்.

இப்போது தி.நகர் விஷயத்துக்கு வருகிறேன்.

கருணாகரன் என்று அங்கே ஒரு ஜவுளிக்கடை அதிபர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தங்கமான மனிதர். எங்கள் துறைக்கு ஒரு மைக்ராஸ்கோப் வாங்கிக் கொடுத்திருந்தார். அவர் கடையின் ஆண்டு விழாவுக்கு என்னையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஆளுயர மாலை போட்டார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். 'உலகம் வியக்கும் விஞ்ஞானி' என்றான் தொகுப்பாளன். முந்நூறு பேர் கை தட்டினார்கள். மைக் என் கைக்கு வந்தது. நன்றி வணக்கம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். யாரும் எதுவும் கேட்கவில்லை. வாய் என்னுடையது, பழியை மைக்கின் மேல் போட முடியாது. "நான் கண்டுபிடித்திருக்கும் புதிய தேரை இனத்துக்கு நமது ஐயா கருணாகரன் அவர்களின் திருப்பெயரைச் சூட்டுகிறேன்!" என்று முழங்கினேன்.

கைதட்டலுக்கு நடுவில் கருணாகரன் என் காதருகே குனிந்தார். "தேரையா சார்?" என்று மெதுவாகக் கேட்டார். முகம் செத்துப்போயிருந்தது. முதல் வரிசையில் அவருடைய அம்மா பேச்சியம்மாள், கைக்குழந்தையாக இருந்த கொள்ளுப்பேரனை முந்தானையால் மூடிக்கொண்டு, "ஏ கருணா, பச்சப்புள்ள இருக்க வீட்ல தேரைப் பேரையா வைப்பாக? பிள்ளைக்குத் தேரை விழுந்துராதா?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். தேரை பட்டால் குழந்தை தேறாமல் நோஞ்சானாகிவிடும் என்பது ஊரறிந்த நம்பிக்கை. எனக்கும் தெரியும். மாலை போட்ட கழுத்துக்கு அது மறந்துவிட்டது.

ஆக, பெயரை ஆசைப்பட்டவனிடமிருந்து பிடுங்கி, வேண்டாம் என்றவர் தலையில் கட்டினேன். அவர் பெயரை வைத்ததற்கு நான் கொடுத்த சான்றிதழை, பிறகு ஒரு தீபாவளிக்கு வேட்டி எடுக்கப் போனபோது, அவர் கடை குடோனில் பண்டல்களுக்குப் பின்னால் பார்த்தேன். சுவரைப் பார்த்தபடி திருப்பி வைத்திருந்தார்கள்.

கட்டுரை அச்சுக்குப் போகுமுன் ஏழு மாதம் என் மேஜையில்தான் கிடந்தது. நினைத்திருந்தால் மாற்றியிருக்கலாம். முந்நூறு பேர் எதிரில் சொன்னதை எப்படி மாற்றுவது என்று கௌரவம் பார்த்தேன். அது போதாதென்று, 'முதலில் கண்டவர்: கட்டுரையாசிரியர்' என்றும் எழுதினேன். டிரைவர் கண்டான், நான் வண்டியில் காலைத் தூக்கிவைத்து உட்கார்ந்திருந்தேன் என்று அச்சில் வந்தால் நாலு பேர் சிரிப்பார்களே! முதல் பொய்க்குக் கொஞ்சம் கூசிய கை இரண்டாவதற்குக் கூசவே இல்லை.

"காட்டு பிரியாணி இன்னா ஆச்சு சார்?" என்று ஒருநாள் வலியுல்லா கேட்டான்.

"வெச்சாச்சு" என்றேன்.

"நம்ப பேரா?"

தலையை ஆட்டினேன். வீட்டில் காட்ட எதாவது கொடுங்கள் என்றான். தேரையின் படத்தைப் பெரிதாக அச்சுப்போட்டு, அதன் கீழே அருங்காட்சியகத்துச் சீட்டு மாதிரியே ஒரு சீட்டை ஒட்டி, இந்தியன் இங்க்கில் என் கையாலேயே 'வலியுல்லா தேரை' என்று எழுதிக் கொடுத்தேன். அவன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

அந்தத் திங்கட்கிழமைக் காலைப் பேச்சுக்கு அப்புறம், செவ்வாய் முழுக்க சாய்மாவின் போனை நான் எடுக்கவில்லை. புதன்கிழமை வேதவல்லி, என் மனைவி, பிடித்துவிட்டாள். "ஏன்னா, ரெண்டு நாளா முகத்தைத் தூக்கி வெச்சுண்டு ஒக்காந்திருக்கேளே, என்ன விஷயம்?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நறுக்கிக்கொண்டிருந்த கொத்தவரங்காயை அப்படியே கீழே வைத்தாள்.

"சீ! அந்த மனுஷன்தானே உங்களுக்கு மாரடைப்பு வந்தப்போ மூணு மாடியும் தோள்ல தூக்கிண்டு எறங்கினார்? அவர்கிட்டயா? இந்த ஆத்துல இருபது வருஷம் சாப்ட்டுட்டுப் போன மனுஷரை இனிமே எந்த மூஞ்சியோட நான் வான்னு கூப்டறது? இப்பவே எழுந்து போங்கோ. அந்தப் பொண்ணு மேடை ஏறதுக்குள்ள சொல்லிட்டு வாங்கோ."

போனேன். சந்தின் முனையில் அமீனின் இறைச்சிக்கடை. என்னைப் பார்த்ததும் அமீன் மாடியைப் பார்த்துக் கத்தினான்: "தேரை பாய்! உன் சார் வந்துக்கினு கீறாரு!" இரண்டு வருஷமாக அந்தத் தெருவில் வலியுல்லாவுக்கு அதுதான் பெயர். கேலியாகத்தான் ஆரம்பித்தார்களாம். அவன் கோபித்துக்கொள்ளாமல் மார்பை நிமிர்த்திக்கொண்டு நடந்ததால் அதுவே மரியாதையாகிவிட்டது.

மாடியில் இரண்டே அறை. வலியுல்லாவின் மனைவி நஸ்ருன்னிசா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "உக்காருங்க சார், டீ போடறேன். டீ குடிக்காம இந்த வூட்டை வுட்டு யாரையும் அனுப்பினதில்ல" என்று உள்ளே போனார். வாசலிலிருந்து பார்த்தாலே சமையலறைச் சுவரில் சட்டம் போட்ட என் படம் தெரியும். உயிருள்ளதன் படத்தைத் தொழுகிற அறையில் மாட்டக் கூடாது என்பதால் அங்கே மாட்டியிருந்தார்கள். எண்ணெய்ப் புகை படியாமல் இருக்க மேலே பாலிதீன் உறை வேறு.

வலியுல்லா புதுச் சட்டையைப் பிரித்துக் காட்டினான். "வெள்ளிக்கிழமைக்கு சார். பின்னாடி உக்காந்து பாத்துக்கினு இருப்பேன். சாய்மாவுக்கு காமர்ஸ் சீட்டு கெடச்சுது, தெரியுமா? வேணாம், அத்தா பேருல ஒண்ணு கீதுல்ல, நான் அதைத்தான் படிப்பேன்னுட்டா. நம்ப சொன்னா கேக்கற ஆளா?"

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசுக்குள் நான் என்னையே அடித்துக்கொண்டிருந்தேன். டீ வந்தது. குடித்தேன். இன்னொன்று ஊற்றினார், அதையும் குடித்தேன். சாய்மா லாப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "சார், பேப்பர்?"

"பேப்பர்லாம் எதுக்கும்மா?" என்று நான் சொன்னதை என் காதாலேயே கேட்டேன். "அந்தப் போட்டோவையே போடு, போதும். எவனாவது ஆதாரம் கேட்டா நான்தான் எதிர்ல உக்காந்திருக்கேனே!"

வலியுல்லா வாய்விட்டுச் சிரித்தான். "சாரே கீறாரு, வேற இன்னா ஆதாரம்?"

வீட்டுக்குத் திரும்பியதும் வேதவல்லி என் முகத்தைப் பார்த்தாள். கேட்கவே இல்லை. தட்டைப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை வலியுல்லாதான் என்னை அடையாறில் இருக்கும் அந்தக் கல்லூரிக்கு அழைத்துப் போனான். புதுச் சட்டையில் மடிப்புக் கலையாமல் ஓட்டினான். மறுபடியும் மாலை, மறுபடியும் பொன்னாடை.

சாய்மா நன்றாகப் பேசினாள். என் மாணவர்களில் பாதிப் பேர் அப்படிப் பேசமாட்டார்கள். தேரைக்கும் தவளைக்கும் வித்தியாசம் சொன்னாள். விரல் நகமளவு உடம்பை வைத்துக்கொண்டு காட்டாற்று வெள்ளத்தில் இந்தப் பேரினம் எப்படிப் பாறையில் ஒட்டிக்கொள்கிறது என்று காட்டினாள். அப்புறம் அந்தப் படம் திரையில் வந்தது. என் கையெழுத்து ஒரு ஆள் உயரத்துக்கு. "இது எங்க அத்தா வலியுல்லா கண்டது. அவர் பேராலேயே சார் இதுக்குப் பேரு வெச்சாங்க. அத்தா பின்னாடி உக்காந்திருக்காங்க" என்றாள். எல்லாரும் திரும்பிப் பார்த்துக் கை தட்டினார்கள். வலியுல்லா பாதி எழுந்து, எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தான்.

துறைத் தலைவி ஹம்சா நல்ல பெண்மணி. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கையிலிருந்த போனைப் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லாப் பேசினே சாய்மா. ஆனா இந்தப் பேரினத்துல வலியுல்லாங்கற பேருல எதுவும் பட்டியல்ல இல்லையேம்மா? கருணாகரன்னு ஒருத்தர் பேருலதான் ஒண்ணு இருக்கு. அதை எழுதினதும் நம்ம சார்தான் போல" என்றார்.

சாய்மா துளிகூடப் பயப்படவில்லை. சிரித்தாள். "சார் இங்கதான இருக்காங்க. சாரையே கேளுங்க மேம்."

இருநூறு முகம் என் பக்கம் திரும்பியது. பொன்னாடைக்குள் எனக்கு வியர்த்து ஊற்றியது. 'ஆமாம், தப்பு என்னுடையது' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் சொன்னது இது: "கொழந்தை... ஆசையில... ஆத்துல யாரோ சொன்னதைக் கேட்டுண்டு, ஏதோ தப்பாப் புரிஞ்சுண்டிருக்கா. அது சும்மா பிரியமா எழுதிக் குடுத்தது. விஞ்ஞானப் பேரு இல்ல."

யாரோ லேசாகச் சிரித்தார்கள். சாய்மாவின் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுபோனது. என்னைப் பார்த்தாள். அப்புறம் கடைசி வரிசையைப் பார்த்தாள்.

வலியுல்லா எழுந்து நின்றிருந்தான். எதற்கு எழுந்தோம் என்று இந்தத் தடவை அவனுக்குத் தெரிந்திருந்தது. "மன்னிச்சிடுங்க மேடம்" என்றான். "சார் சொல்றதுதான் சரி. நான்தான் வூட்ல சும்மா பெருமைக்கு அளந்துவுட்டேன். சார் என் பேரை வைக்கிறேன்னு சொல்லவே இல்ல. பொண்ணு மேல தப்பில்ல. என்னை நம்பிடுச்சு."

"ஏன்த்தா?" என்றாள் சாய்மா. மெதுவாகத்தான் சொன்னாள். மைக் போட்டிருந்ததால் அரங்கம் முழுக்கக் கேட்டது.

அந்த ஒரு வார்த்தையில் நான் செத்தேன். என் பொய்யை அவன் எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டான். பெற்ற மகள் எதிரில், புதுச் சட்டை போட்டுக்கொண்டு. அவள் அதை நம்பவும் செய்தாள். தன் அத்தாவைப் பார்த்து வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்தாள். அவள் வெட்கப்பட வேண்டிய ஆள் இங்கே பொன்னாடையோடு உட்கார்ந்திருக்கிறான்.

எப்படி எழுந்தேன் என்று தெரியாது. மைக்கிடம் போனேன். "அவர் சொல்றது பொய்" என்றேன். "அவர் அளக்கல. நான்தான் சத்தியம் பண்ணினேன். அப்பறம் ஒரு மேடையில, இதே மாதிரி ஒரு மாலையைப் போட்டுண்டு, மயக்கத்துல வேறொருத்தர் பேரைச் சொல்லிட்டேன். யாரும் கேக்கல, நானாத்தான் சொன்னேன். இவர்கிட்ட உங்க பேரைத்தான் வெச்சேன்னு பொய் சொன்னேன். அந்தச் சீட்டையும் நானே எழுதி ஏமாத்தினேன். இந்தப் பொண்ணையும் புதன்கிழமை அவாத்துல டீயைக் குடிச்சுண்டே ஏமாத்தினேன்."

சாய்மா நிமிர்ந்தாள். கண்ணைத் துடைக்கவில்லை. "பேரை மாத்திடலாம்ல சார்?"

"முடியாதும்மா. சட்டம் அப்படி. நானே நெனைச்சாலும் முடியாது."

"அப்போ யாரு பாத்தது சார்? நெஜமா? பேப்பர்ல என்ன எழுதியிருக்கீங்க?"

படிக்கிற பெண். சரியான இடத்தில் கைவைத்தாள். "நான் பாத்ததா எழுதியிருக்கேன்."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"வண்டியில" என்றேன். "அட்டைக்குப் பயந்துண்டு வண்டியில உக்காந்திருந்தேன்."

இதற்கு யாராவது சிரித்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். ஒருவரும் சிரிக்கவில்லை. சாய்மா லாப்டாப் பக்கம் திரும்பி, அந்தப் படத்தைத் தள்ளிவிட்டு, மீதி இருந்த நான்கு ஸ்லைடையும் பேசி முடித்தாள். குரல் ஒரு இடத்திலும் நடுங்கவில்லை.

வெளியே வந்தபோது வலியுல்லா வண்டியைத் தயாராக நிறுத்தியிருந்தான். சாய்மா பஸ்ஸில் வருகிறேன் என்று போய்விட்டாள். நான் முன் பக்கம் போனேன். அவன் பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். இருபத்திரண்டு வருஷத்தில் அவன் எனக்குக் கதவு திறந்ததே இல்லை. பின்னால் ஏறி உட்கார்ந்தேன். அடையாறு பாலம் தாண்டியது, சிக்னல் போட்டது, எடுத்தது. அவன் பேசவில்லை. என் வாசலில் இறங்கும்போது, "வலியுல்லா, என்னை..." என்று ஆரம்பித்தேன்.

"வரேன் சார்" என்றான். போய்விட்டான்.

அன்றைக்கே கட்டுரை வந்த ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு எழுதினேன். பெயரைத்தான் மாற்ற முடியாது, கண்டவர் யார் என்பதைத் திருத்தலாம். ஆசிரியர், உறுதியாகத்தான் சொல்கிறீர்களா என்று இரண்டு தடவை கேட்டு எழுதினார். உறுதியாகத்தான் என்றேன். ஐப்பசி மழை ஆரம்பித்தபோது திருத்தம் வெளிவந்தது. ஆறு வரி. இந்த இனத்தை முதலில் கண்டவர் மயிலாப்பூரைச் சேர்ந்த ஓட்டுநர் வலியுல்லா. கட்டுரையாசிரியர் அப்போது வாகனத்தில் இருந்தார்.

அது எங்கள் ஆட்கள் நடுவே போன் போனாகச் சுற்றியது. என் பழைய மாணவன் ஒருவன் கூப்பிட்டு, "சார், நெஜமாவே வண்டியிலயா இருந்தீங்க?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். மறுநாள் கருணாகரன் பேசினார். "சார், திருத்தமெல்லாம் போடுதாகன்னு கேள்விப்பட்டேன். அப்படியே எம்பேரையும் எடுத்துர முடியுமா? அம்மா இன்னமும் சொல்லிக்கிட்டே இருக்காக." முடியாது என்று அவரிடமும் சொன்னேன்.

திருத்தத்தை அச்சுப்போட்டு, ஒரு உறையில் வைத்துக்கொண்டு, மழையில் கச்சேரி ரோட்டுச் சந்துக்குப் போனேன். அமீன் என்னைப் பார்த்தான். மாடியைப் பார்த்துக் கத்தவில்லை. கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

நஸ்ருன்னிசா கதவைத் திறந்தார். "அவர் சவாரி போய்க்கிறாரு" என்றார். உறையை நீட்டினேன். "தப்பைத் திருத்திட்டேம்மா. அவர் பேரு வந்திருக்கு. சாய்மாகிட்டக் காட்டுங்கோ."

"வந்தா குடுக்கறேன் சார்."

குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் கதவைப் பிடித்தபடியே நின்றார். எனக்கு உள்ளே பார்க்காமல் இருக்க முடியவில்லை. படம் சமையலறைச் சுவரில் அப்படியே இருந்தது. பாலிதீன் உறையும் இருந்தது. என் சீட்டு மட்டும் இல்லை. அது இருந்த இடத்தில் வேறொரு சீட்டு, கறுப்பு மையில், கொட்டை எழுத்தில், சட்டப்படி எப்படி எழுத வேண்டுமோ அப்படி எழுதியிருந்தது. சாய்மாவின் கையெழுத்து. வாசலிலிருந்தே படிக்க முடிந்தது.

'கண்டவர்: வலியுல்லா. இடம்: ஆனைமலை, ஓடையோரப் பாறை. நேரம்: ஜூன் மாதம், மாலை ஐந்து மணி, மழை. உடன் சென்றவர்: பேராசிரியர் ஸ்ரீனிவாசராகவன், வண்டியில்.'

இரண்டு தடவை படித்தேன். முப்பது வருஷம் சீட்டுத் திருத்தியவன் நான். அதில் திருத்த ஒன்றும் இல்லை.

"வரேம்மா" என்றேன்.

"சரிங்க சார்" என்றார் நஸ்ருன்னிசா. டீ என்ற பேச்சே வரவில்லை. நான் படியிறங்கினேன்.